உங்கள் துறையில் மீத்திறன் கணினியை எதற்கு, எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? (மதுரை வட்டார ஆய்வாளர்களுக்கு)

திண்மநிலை இயற்பியல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் பணியாற்றுகிறேன். மின்கலங்களில் மின்முனையாகப் பயன்படக்கூடிய ஆக்சைடுகளின் மின்னணு அமைப்பைக் குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ மென்பொருளில் கணக்கிடுவது என் ஆய்வு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதாலோ என்னவோ, இந்த வட்டாரத்தில் மின்கலப் பொருட்களில் நாட்டமுள்ள மாணவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் கணிப்பதற்குக் கணினி தேடிக் கொடுப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

இப்போது பல துறைகளுக்கும் பொதுவாக ஒரு கணிப்பு வசதி அமைக்க எங்கள் கல்லூரிக்கு நிதி வரும் வாய்ப்பு உருவாகியுள்ளது. எதை வாங்குவது என்று பரிந்துரைக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். என் போன்றவர்கள் கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே கணிக்கும் அலகுகள்) நிறைய வேண்டும் என்றோம். கணினி அறிவியல் துறையினர் ஜிபியு (ஒரே வகைக் கணக்கை ஒரே நேரத்தில் ஏராளமாகச் செய்யும் வரைகலை அட்டை) இல்லாத இயந்திரம் எதற்கு என்றார்கள். உயிரித்தொழில்நுட்பத் துறையிலிருந்து வந்தவர், முதலில் தரவை வைக்க இடம் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். விற்பனைப் பிரதிநிதியோ எந்தத் துறையின் பெயரைச் சொன்னாலும் ஒரே விலைப்பட்டியலைத்தான் நீட்டுகிறார்.

என் தேவை எனக்குத் தெரியும். என் மென்பொருள் செய்யும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக் கணக்கில் (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து பொருளின் பண்புகளைக் கணிக்கும் முறை) அணுக்களின் எண்ணிக்கை இரட்டித்தால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. 64 அணுக்கள் கொண்ட கூட்டில் (படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்ளும் பெட்டி) ஓர் ஆக்சிஜனை நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பதைத் துறையின் பழைய சர்வரே செய்துவிடும். ஆனால் நீக்கிய இடங்கள் ஒன்றையொன்று பாதிக்காமலிருக்கக் கூட்டை 128 அணுக்களாகப் பெருக்கியவுடன் அதே சர்வர் மூச்சு வாங்குகிறது. பிற துறைகளில் வேலை எந்த இடத்தில் முட்டுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. நீங்கள் ஓட்டும் மென்பொருள் எது, அதற்கு உண்மையில் தேவைப்படுவது கோரா, ரேமா, ஜிபியுவா, வட்டா, எவற்றை உள்ளூரிலேயே செய்கிறீர்கள், எவற்றை வெளியே அனுப்புகிறீர்கள் என்று சற்று விரிவாக எழுதினால் குழுவில் பேச எனக்கு ஆதாரம் கிடைக்கும்.

---

பல்கலைநகர் உயிரியல் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் இரண்டு வகை வேலை செய்கிறேன். இரண்டும் உயிரியல்தான் என்றாலும், கணினியைப் பொறுத்தவரை அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை என்றே சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் "உயிரியலுக்கு என்ன தேவை" என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எந்த உயிரியல் என்று திருப்பிக் கேளுங்கள்.

முதலாவது மரபணுத் தொடர்களைப் பொருத்தும் வேலை. கீழடிக்கு அருகே கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த எலும்புகளின் தொல் மரபணு ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஈடுபட்டிருப்பது இங்கே பலருக்கும் தெரியும். நான் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் அந்த வகைத் தரவு எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால் கணினிக்கு என்ன வேலை என்பது புரியும். வெப்பமான மண்ணில் கிடந்த எலும்பில் டிஎன்ஏ நொறுங்கிப்போயிருக்கும். ஒரு துண்டு நூறு எழுத்து நீளம் இருந்தாலே பெரிது. எடுத்த துண்டுகளில் பெரும்பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிர்களுடையது, மனிதருடையது நூற்றில் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். இப்படிப்பட்ட கோடிக்கணக்கான துண்டுகளில் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபணுத் தொகுதியில் எங்கே பொருந்துகிறது என்று தேட வேண்டும். துண்டின் முனையில் சைட்டோசின் சிதைந்து, தைமின் என்று தவறாக வாசிக்கப்படுவது பழைய டிஎன்ஏவின் அடையாளம். ஆகவே பொருத்தும்போது பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளவும் வேண்டும், புதிய மாசு எது, பழைய டிஎன்ஏ எது என்று அந்தப் பிழைகளைக் கொண்டே பிரிக்கவும் வேண்டும்.

கணினியின் கண்ணில் இதன் சிறப்பு என்னவென்றால், ஒரு துண்டைப் பொருத்துவதற்கு இன்னொரு துண்டின் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கோப்பை நூறாக வெட்டி நூறு ஜாப்களாக (தனித்தனி வேலைகளாக) அனுப்பலாம். கணுக்களுக்கிடையே (ஒன்றாகக் கோத்த கணினிகளுக்கிடையே) விலையுயர்ந்த இன்ஃபினிபேண்ட் என்னும் அதிவேக இணைப்பு எதுவும் இதற்கு வேண்டாம். பொருத்தும் மென்பொருளான பிடபிள்யூஏ மனிதத் தொகுதிக்கு வைத்திருக்கும் சுட்டுக்கோப்பு ஐந்தாறு ஜிபி ரேமைப் பிடிக்கும், ஒரே நேரத்தில் ஓடும் எல்லா இழைகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும். உண்மையில் முட்டுவது வட்டில்தான். சுருக்கிய கோப்பை ஜிசிப் விரிப்பது ஒரே கோரில் நடப்பதால், 48 கோர்களைப் பிடித்துவைத்திருந்தாலும் பல கோர்கள் உள்ளீட்டுக்காகச் சும்மா காத்துக்கிடக்கும். பிறகு வரிசைப்படுத்தும் கட்டத்தில் தற்காலிகக் கோப்புகள் மூலத்தைவிடப் பெரிதாக வீங்கும். உங்கள் கூட்டத்தில் "முதலில் இடம் கொடுங்கள்" என்று சொன்னவர் அனுபவித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது வேலை, புரதங்கள் நீரில் அசைவதைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் மூலக்கூறு இயக்கவியல். இதற்குக் குரோமாக்ஸ் பயன்படுத்துகிறேன். இலவச மென்பொருள், ஜிபியுவை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு காலப்படி இரண்டு ஃபெம்டோவினாடி (பத்து லட்சம் ஃபெம்டோவினாடி ஒரு நானோவினாடி). நூறு நானோவினாடி ஓட்டத்துக்கு ஐந்து கோடிப் படிகள். இந்தப் படிகளைப் பிரித்துப் பல கணினிகளுக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அடுத்த படிக்கு முந்தைய படியின் விடை வேண்டும். இடத்தை மட்டும்தான் பிரிக்கலாம். அதுவும் ஒரு கோருக்குச் சில நூறு அணுக்கள் என்ற அளவுக்குக் கீழே போனால் கணிப்பதைவிடக் கோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் அதிக நேரம் போகும். ஒரு லட்சம் அணுக்கள் கொண்ட அமைப்பை நான்கு கணுக்களில் பரப்புவதைவிட, நல்ல ஜிபியு ஒன்றில் ஒரு பிரதி வீதம், வெவ்வேறு தொடக்க வேகங்களோடு நான்கு பிரதிகளை ஓட்டுவதே மேல். புள்ளியியல் நோக்கிலும் ஒரே நீண்ட ஓட்டத்தைவிட அதுதான் நம்பகமானது என்பது என் கருத்து.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குரோமாக்ஸ் தானாகவே கால்மணி நேரத்துக்கு ஒருமுறை நிலைக்கோப்பை எழுதிவைக்கும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லா மென்பொருளுக்கும் இந்தக் குணம் இல்லை. வாங்குவதற்கு முன் உங்கள் துறையினரிடம் இதையும் கேட்டுவையுங்கள்.

அப்புறம், புரத அமைப்பைக் கணிக்க ஆல்ஃபாஃபோல்டு ஓட்ட வேண்டும் என்று யாராவது பெரிய ஜிபியு கேட்டால், முதலில் அதன் பொதுத் தரவுத்தளத்தில் தேடினாரா என்று கேளுங்கள். 2022-லிருந்து இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் அமைப்புகள் அங்கே ஆயத்தமாகக் கிடைக்கின்றன. நம் மாணவர்கள் தேடுவதில் பெரும்பாலானவை அங்கேயே இருக்கும்.

---

மேகமலை மழைமானி எழுதியது:

மேலே எழுதியவரின் வேலையை வெட்டிப் பிரிக்கலாம். என்னுடையதைப் பிரிக்க முடியாது, ஆகவே என் பரிந்துரையும் நேர்மாறாக இருக்கும்.

வருசநாட்டு, மேகமலைச் சரிவுகளில் பெய்யும் மழை வைகை அணைக்கு எவ்வளவு, எப்போது வந்து சேரும் என்பது என் ஆய்வு. டபிள்யூஆர்எஃப் என்னும் வானிலை மாதிரியை ஓட்டுகிறேன். தொடக்க நிலைக்கு ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் இலவசமாகத் தரும், கடந்தகால வானிலையை மீட்டமைத்த ஈஆர்ஏ5 தரவு இருக்கிறது. 1940-லிருந்து மணிக்கு மணி கிடைக்கிறது. ஆனால் அதன் கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். கம்பம் பள்ளத்தாக்கும் அதன் இருபுற மலைகளும் சேர்ந்து ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிப்போகும். மலை இருப்பதே மாதிரிக்குத் தெரியாது. மழை மறைவுப் பகுதியைப் படிக்கிறவனுக்கு மலை தெரியாவிட்டால் என்ன மிச்சம்?

எனவே கட்டத்தை 9 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர், 1 கிலோமீட்டர் என்று உள்ளுக்குள் நுணுக்கிக்கொண்டே போகிறோம். விலை அங்கேதான் ஏறுகிறது. கட்டத்தின் அளவைக் கிலோமீட்டரில் எடுத்து ஆறால் பெருக்கினால் கிடைப்பதே ஒரு காலப்படியின் வினாடி என்பது டபிள்யூஆர்எஃப் பயனர்களின் பொது விதி. 3 கிலோமீட்டருக்கு 18 வினாடி, 1 கிலோமீட்டருக்கு 6 வினாடி. அதே பரப்பை 3-லிருந்து 1-க்கு நுணுக்கினால் கிழக்கு மேற்கில் மூன்று மடங்கு, வடக்கு தெற்கில் மூன்று மடங்கு, காலத்தில் மூன்று மடங்கு, ஆக 27 மடங்கு வேலை. ஒவ்வொரு காலப்படியிலும் பக்கத்துக் கட்டத்தின் காற்றும் ஈரமும் இந்தக் கட்டத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால், கணுக்களுக்கிடையே வேகமான இணைப்பு இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. சாதாரண ஈதர்நெட்டில் நான்கு சர்வர்களைக் கோத்துவிட்டு அதை கிளஸ்டர் என்று அழைப்பவர்களிடம் என்னால் வாதாட இயலவில்லை.

ஆகவே என் துறைக்காக உள்ளூரில் கோர்கள் வாங்காதீர்கள். நீங்கள் வாங்கக்கூடிய அளவு எனக்குப் போதாது. போதுமான அளவை உங்களால் வாங்க முடியாது. இதை வெளியே, தேசிய வசதியில்தான் ஓட்ட வேண்டும். உள்ளூரில் எனக்கு வேண்டியது, வெளியீட்டைக் கொண்டுவந்து ஆராய நிறைய ரேம் உள்ள ஒரு நல்ல கணினியும் பெரிய வட்டும் மட்டுமே. வெளியீட்டைக்கூட முழுதாகக் கொண்டுவருவதில்லை. மாதிரி எழுதும் நூற்றுக்கும் மேற்பட்ட மாறிகளில் மழை, காற்று, ஈரப்பதம் எனத் தேவையான சிலவற்றை மட்டும், அதுவும் அங்கேயே வெட்டியெடுத்த பிறகுதான் இறக்குகிறோம்.

சிவில் துறை நண்பர்களுக்காக ஒன்று. 2024 அக்டோபரில் செல்லூர்க் கண்மாய் நிரம்பித் தெருக்களில் நீர் புகுந்த பிறகு, நகர வெள்ள மாதிரிகளில் பலருக்கும் திடீரென்று ஆர்வம் வந்திருக்கிறது. அவர்கள் பெரிதும் நம்பும் ஹெக்-ராஸ் பெரும்பாலும் விண்டோஸில் இயங்கிப் பழகிய மென்பொருள். கிளஸ்டர்களோ லினக்ஸில் ஓடுபவை. பொது வசதி வந்துவிட்டால் தங்கள் வேலை அப்படியே அதில் ஏறிவிடும் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தால் இப்போதே பேசிவிடுவது நல்லது.

---

விழித்திரைப் படங்கள் எழுதியது:

சுருக்கமாக. நாங்கள் விழித்திரைப் படங்களில் நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறியும் மாதிரிகளைப் பயிற்றுவிக்கிறோம். மதுரைக்கு இது புதிதன்று. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கூகுள் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் இருந்தன. அதில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவை 1,28,175 படங்கள், அவற்றைத் தரம்பிரித்தவர்கள் 54 மருத்துவர்கள். இந்த இரண்டாவது எண்ணைத்தான் குழுவில் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பேன். ஜிபியுவை வாங்கிவிடலாம், தரம்பிரிக்க மருத்துவரின் நேரத்தை எங்கே வாங்குவது?

ஜிபியு தேவைப்படுவது பயிற்சிக்கு மட்டும்தான். பயிற்சி முடிந்த மாதிரி சாதாரண மேசைக்கணினியிலேயே ஒரு படத்துக்குச் சில நொடிகளில் விடை சொல்லிவிடும். இன்னொன்று, நோயாளிகளின் படங்களை நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி நிறுவனத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது. எனவே மழைமானி ஐயா சொல்வதுபோல எல்லாவற்றையும் தேசிய வசதிக்கு அனுப்புவது எங்களுக்கு ஒத்துவராது. ஜிபியு நினைவகம் தாராளமாக உள்ள ஒரு சர்வர் உள்ளூரில் இருந்தால் எங்கள் வேலை நடந்துவிடும்.

---

ஏடும் எழுத்தும் எழுதியது:

தமிழ்த்துறைக்காரன் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

சங்க இலக்கியத்தைக் கணினியில் ஆராய மீத்திறன் கணினி வேண்டும் என்று எழுதப்பட்ட திட்ட முன்மொழிவுகளைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. 2,381 பாடல்களும் சேர்ந்து சில மெகாபைட்தான். சொல்லடைவும் நடை ஒப்பீடும் மடிக்கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். 1998 பொங்கல் முதல் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த நூல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

ஓலைச்சுவடிப் படங்கள் வேறு. சுவடியில் புள்ளி இராது, சொற்களுக்கு இடையே இடம் இராது, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும், எகர ஏகார வேறுபாடு இராது. படித்தவர் சூழல் நோக்கிப் பிரித்துக்கொள்கிறார்; கணினியும் சூழல் நோக்க வேண்டுமென்றால் எழுத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை, முழு வரியையும் பார்த்துக் கற்கும் மாதிரி வேண்டும். அதற்கு ஜிபியு தேவை. ஆனால் சுவடியும் பெயர்த்தெழுதிய பாடமும் வரிக்கு வரி இணைத்துத் தயாராக இருக்கும் தரவு மிகக் குறைவு. உள்ளதைக் கொண்டு ஏற்கெனவே பயின்ற மாதிரி ஒன்றைத் திருத்திப் பயிற்றுவிக்க ஓர் அட்டையே போதும். விழித்திரைக் குழுவினரின் சர்வரில் வார இறுதியில் எங்களுக்கு இடம் கொடுத்தால் நன்றியுடையவனாவேன்.

---

சர்வர் அறை எழுதியது:

பல துறையினர் பகிரும் ஒரு கிளஸ்டரைப் பராமரிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் தேசிய வசதியைப் பாருங்கள் என்பதில் மழைமானியோடு உடன்படுகிறேன். தேசிய மீத்திறன் கணினித் திட்டம் 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதை நடத்துகின்றன. அதன்கீழ் நமக்கு அருகில் இருப்பது திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பரம் பொருள் என்னும் மீத்திறன் கணினி. 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது உச்சத்தில் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள். இத்தகைய இயந்திரங்களைத் தேசிய அறிவு வலையமைப்பு வழியாகக் கல்வி நிறுவனங்களோடு இணைப்பதே திட்டத்தின் நோக்கம். உங்கள் கல்லூரியில் அந்த இணைப்பு இருக்கிறதா, இருந்தால் துறையின் மேசைவரை அதன் வேகம் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் வளாகத்தின் வாசல்வரை வேகமாக வந்த இணைப்பு, உள்ளே பழைய சுவிட்ச் ஒன்றில் சிக்கி நின்றுவிடுகிறது. அந்தச் சுவிட்சை மாற்றுவது புதிய சர்வர் வாங்குவதைவிடப் பன்மடங்கு மலிவு.

கோர்களைப் பற்றி. ஆம்டால் விதி 1967-இலேயே சொல்லப்பட்டுவிட்டது. இருந்தும் கூட்டங்களில் யாரும் அதை எடுப்பதில்லை. நிரலில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிரிக்க முடியாத வேலையாக இருந்தால், 40 கோர்கள் கொடுத்தாலும் வேகம் பதின்மூன்றரை மடங்குதான் கூடும். எத்தனை ஆயிரம் கோர்கள் கொடுத்தாலும் இருபதைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு துறையும் தன் வழக்கமான ஜாப் ஒன்றை 4, 8, 16, 32 கோர்களில் ஓட்டி, எடுத்த நேரத்தை வரைபடமாகக் குழுவுக்குக் கொடுக்கட்டும். அந்த ஒரு தாள் வந்துவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

பிறகு, கேட்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள இடைவெளி. எங்கள் இயந்திரத்தில் ஸ்லர்ம் என்னும் மென்பொருள் ஜாப்களை நிர்வகிக்கிறது. முடிந்த ஜாப்பின் எண்ணைக் கொடுத்து 'செஃப்' (seff) கட்டளையை இயக்கினால், கேட்ட கோர்களில் எத்தனை சதவீதம் வேலை செய்தன, கேட்ட ரேமில் எவ்வளவு தொடப்பட்டது என்று நான்கைந்து வரிகளில் காட்டிவிடும். பலர் முதுநிலை மாணவரிடமிருந்து பெற்ற ஸ்கிரிப்டை அப்படியே அனுப்புகிறார்கள். அதில் 48 கோர், 72 மணி நேரம் என்றிருக்கும், ஓடுவதோ ஒற்றை இழைப் பைத்தான் நிரலாக இருக்கும். கேட்கும் நேரத்தை உண்மைக்கு நெருக்கமாகக் குறைத்தால் பயனருக்கே லாபம். பெரிய ஜாப் ஒன்றுக்காகக் கணுக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி நிற்கும் இடைவெளியில், பந்தியில் ஒற்றை இலை காலியானால் தனியாக வந்தவரை உட்காரவைப்பதுபோல, சிறிய ஜாப்களை ஸ்லர்ம் உள்ளே நுழைத்துவிடும். 72 மணி நேரம் கேட்டவருக்கு அந்த இடம் கிடைக்காது.

ஏடும் எழுத்தும் ஐயாவுக்கு: ஆயிரக்கணக்கான சிறு படக்கோப்புகளை அப்படியே கிளஸ்டரில் ஏற்றாதீர்கள். லஸ்டர் போன்ற இணைக் கோப்பு முறைமைகள் சில பெரிய கோப்புகளைப் பரப்பி வைப்பதில் வல்லவை; சின்னச்சின்னக் கோப்புகள் திறந்து மூடப்படும்போது கோப்புப் பட்டியலை வைத்திருக்கும் சர்வர் திணறும், உங்களால் எல்லாத் துறையினரும் தாமதப்படுவார்கள். அவற்றை எச்டிஎஃப்5 வடிவத்தில் ஒரே பெரிய கோப்பாகக் கட்டிவிடுங்கள்.

கடைசியாக, விலைப்பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத செலவுகள். சர்வர் உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளிவரும். சித்திரை, வைகாசி மதுரை வெயிலில் அதை வெளியேற்ற ஏசிக்கும் தனி மின்சாரம் வேண்டும். ஏசி யுபிஎஸ்ஸில் இல்லாமல் சர்வர் மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்தால், மின்வெட்டின்போது அறை சூடேறிச் சர்வர் தானாக அணைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மென்பொருள்களை நிறுவி, ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொடுத்து, நிரம்பும் வட்டைக் காலிசெய்யச் சொல்லித் துரத்த நிரந்தரமான ஓர் ஆள் வேண்டும். திட்ட நிதியில் இயந்திரம் வாங்கிவிட்டு, ஆளுக்கு ஒப்பந்தம் முடிந்ததும் கதவைப் பூட்டிய இடங்களை நான் அறிவேன்.

---

திண்மநிலை இயற்பியல் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எல்லோரும் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஜிபியு சர்வர் ஒன்றும் பெரிய சேமிப்பகமும் உள்ளூரில். என் வேலையும் மழைமானி ஐயாவின் வேலையும் தேசிய வசதிக்கு. மிச்சத் தொகையில் சுவிட்சும் ஓர் ஆளும். கோர்கள் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவனே இதை எழுதுகிறேன் என்பதால் குழுவில் எடுபடும் என நினைக்கிறேன்.

சர்வர் அறை ஐயாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்னபடி என் ஜாப்பைப் பழைய சர்வரில் ஓட்டிப் பார்த்தேன். 16 கோர்களுக்குப் பிறகு வேகம் ஏறவே இல்லை. என் கணக்கில், சமச்சீரால் ஒன்றாகிவிடுபவற்றை நீக்கியபின், எட்டு கே-புள்ளிகள் (எலக்ட்ரான் அலைகளைத் தனித்தனியே கணிக்க எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) இருக்கின்றன. இது ஆம்டால் விதியின் எல்லைதானா, அல்லது நான் இயக்கும் முறையில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

---

சர்வர் அறை எழுதியது:

எல்லை அதற்குள் வந்திருக்காது. இயக்கும்போது பூல் (கோர்களைப் பிரிக்கும் குழு) எண்ணிக்கை கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் எல்லாக் கோர்களும் ஒரே கே-புள்ளியின் அலைகளைப் பங்குபோட்டுக்கொண்டு, ஃபூரியே மாற்றத்துக்காக ஓயாமல் தரவைப் பரிமாறிக்கொண்டிருக்கும். கட்டளை வரியில் 'என்கே' (-nk) என்ற தெரிவுக்கு 4 கொடுங்கள். 32 கோர்கள் எட்டு எட்டாக நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் இரண்டு கே-புள்ளிகளைத் தனியே கணிக்கும், குழுக்களுக்கிடையே பேச்சு மிகக் குறைவு. 8 கொடுத்தால் இன்னும் வேகமாகலாம், ஆனால் ஒரு குழுவில் கோர்கள் குறையக் குறைய ஒவ்வொரு கோரும் சுமக்கும் நினைவகம் கூடும். 128 அணுக் கூட்டுக்குப் பழைய சர்வரின் ரேம் போதாமல் ஜாப் பாதியில் நிற்கக்கூடும். இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும் ஓடும்படி வரம்பு வைத்து 2, 4, 8 மூன்றையும் சோதித்துவிட்டு, அந்த நேரங்களையே திருச்சிக்கு விண்ணப்பிக்கும்போது இணைத்துவிடுங்கள்.